மாவுக்கட்டும் நீராடலும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் திருக்குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். அத்தகைய புலமை எனக்கில்லை. "வீட்டுக்குப் பயன்படும் செய்தி ஒன்றைப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஆகவே, எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர் அக்கட்டு நனையாமல் எவ்வாறு குளிப்பது என்பதையே எடுத்துக்கொண்டேன். 'இதுவும் ஒரு பொருளா?' என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்திற்கு என் மகனின் வலக்கை விலை கொடுத்தது.

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஆறு நாட்கள் இருந்தன. அப்போது பதினொரு வயதான என் மகன், நம் இட்டார்சி காலனியில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். முன்கை எலும்புகள் இரண்டும் முறிந்துவிட்டன. மருத்துவர் எலும்பை நேராக்கி, முழங்கைக்கு மேலிருந்து உள்ளங்கை வரையில் மாவுக்கட்டுப் போட்டார். "ஆறு வாரம் இருக்கட்டும். ஒரு சொட்டு நீர்கூடப் படக்கூடாது" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தீபாவளிக்காக என் தாயார் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார்கள். "தலையில் எண்ணெய் வைக்காமல் என்னடா தீபாவளி? பச்சைப் பிள்ளையைக் குளிக்காமல் விடுவதா?" என்றார்கள். வடக்கத்திய அண்டை வீட்டார் மாலையில்தான் விளக்கேற்றுவார்கள். விடியற்காலை எண்ணெய்க் குளியல் நம் வழக்கம். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஒரு குளியலில்தான் ஊரே இருக்கிறது. நான் மறுத்துப் பேசவில்லை. கடையிலிருந்து வந்த பாலிதீன் பை ஒன்றைக் கையில் மாட்டி, வாயை ரப்பர் பட்டையால் கட்டினேன். தாயார் சீயக்காய் தேய்த்து வெந்நீர் ஊற்றினார்கள்.

கை கீழே தொங்கியவாறு இருந்தது. பையின் வாய் தோளை நோக்கி இருந்தது. தலையில் ஊற்றிய நீர் தோள்வழியே இறங்கி, புனலில் இறங்குவதுபோல் பைக்குள் இறங்கிவிட்டது. பையன் அதை உணர்ந்தான்; ஆனால் சொல்லவில்லை. சொன்னால் பட்டாசு வெடிக்க விடமாட்டோம் என்று அஞ்சி, புதுச் சட்டையின் நீண்ட கைக்குள் ஈரத்தை மறைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் கட்டிலிருந்து நாற்றம் வந்தது. முழங்கையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன்; நமுத்த அப்பளம்போல் உள்ளே போயிற்று. மருத்துவமனைக்கு ஓடினோம். எக்ஸ்ரே படத்தில் எலும்பு இடம் பெயர்ந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்து மறுபடியும் எலும்பை நேராக்கினார்கள். ஆறு வாரக் கணக்கு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கிற்று.

தாயார் ஊருக்குப் புறப்படும் நாளில், நடைமேடையில் நின்று, "பிள்ளையின் கையை நானே கெடுத்துவிட்டேனே" என்று கண்கலங்கினார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. மருத்துவரின் சொல்லைக் காதால் கேட்டவன் நான். நீர் ஏன் படக்கூடாது என்று நான் கேட்கவுமில்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்லவுமில்லை. காரணம் தெரியாத கட்டளை வீட்டில் நிலைப்பதில்லை. அக்காரணத்தைப் பின்னர் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மாவுக்கட்டில் உள்ள மாவு ஜிப்சம் என்னும் கல்லிலிருந்து கிடைப்பது. அக்கல்லில் கால்சியம் சல்பேட்டும் நீரும் பிணைந்திருக்கின்றன. ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் அந்நீரில் நான்கில் மூன்று பங்கு வெளியேறி, வெண்ணிறப் பொடி எஞ்சுகிறது. பாரிஸ் நகரின் மோன்மார்த்தர் குன்றில் இக்கல் மிகுதியாக வெட்டியெடுக்கப்பட்டதால் இப்பொடிக்குப் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்னும் பெயர் வந்தது. பொடியில் நீர் சேர்ந்ததும், இழந்த நீரை அது திரும்பப் பெற்று மீண்டும் ஜிப்சமாகிறது. அப்போது வெப்பம் உண்டாகிறது. கட்டுப் போடும்போது கை சுடுவதுபோல் இருப்பது இதனால்தான். ஊசிபோன்ற படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படுகின்றன.

இப்பொடியைத் துணிச்சுருளில் தேய்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையை டச்சு இராணுவ மருத்துவரான அன்டோனியஸ் மாத்தைசன் 1852ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் ருஷ்ய அறுவை மருத்துவர் பிரகோவ், மாவுக்கட்டைப் போர்க்களத்தில் பெருமளவில் பயன்படுத்தினார். பல வீரர்களின் கைகால்கள் வெட்டப்படாமல் தப்பின.

நீரால் இறுகிய கட்டுக்கு நீர் எப்படிப் பகையாகும் என்று கேட்கலாம். கட்டுச் சில நிமிடங்களில் கெட்டிப்பட்டாலும், மிகுந்திருக்கும் ஈரம் முழுவதும் உலர ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் வரை ஆகும். உலர்ந்த பிறகே அதற்கு முழு வலிமை. பின்னர் நீர் புகுந்தால், படிகங்களின் பின்னல் நெகிழ்ந்து கட்டுத் தளர்கிறது. எலும்பைத் தாங்கி நிற்கும் சுவர் இளகினால், தசைகள் இழுக்கும் திசையில் எலும்பு நகர்ந்துவிடும். இதுவே என் வீட்டில் நேர்ந்தது.

இக்காலத்தில் கண்ணாடி இழையும் பிசினும் கொண்ட 'ஃபைபர்' கட்டும் போடுகிறார்கள். அது எடை குறைந்தது. அரைமணி நேரத்திற்குள் இறுகிவிடும். மேற்புறம் நீரில் கெடாது. இதனால் சிலர் ஏமாந்து போகிறார்கள். ஓடு கெடாவிட்டாலும் உள்ளே தோலை ஒட்டியிருக்கும் பஞ்சு நனைந்துவிடும்; நனைந்தால் எளிதில் உலராது. ஈரத்திலேயே ஊறும் தோல் வெளுத்து, அரித்து, புண்ணாகும். நீர் புகாத உள்ளுறையை வைத்து, "நனையலாம்" என்று மருத்துவரே வாய்திறந்து சொன்னாலன்றி, எந்தக் கட்டையும் நனைக்கலாகாது.

இனி, குளிக்கும் முறையைச் சொல்கிறேன். மாவுக்கட்டுப் போட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் குளியலே வேண்டாம். ஈரக்கட்டின்மேல் பையோ போர்வையோ போடாமல் காற்றில் உலர விடவேண்டும். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து உடம்பைத் துடைத்தால் போதும். உண்மையில், கட்டு உள்ள நாள் முழுவதும் இதுவே பாதுகாப்பான வழி.

குளித்தே ஆகவேண்டுமென்றால் ஒரு பையை நம்பாதீர்கள். முதலில் பைக்குள் நீரை ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துக்கொள்ளுங்கள். கட்டின் மேல் விளிம்பில் உலர்ந்த சிறு துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். கசியும் நீரை அது உறிஞ்சும். அதன்மேல் ஒரு பை. பையின் வாயைக் கட்டுக்கு மேலே தோலோடு சேர்த்து ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். அதற்குமேல் இரண்டாவது பையை மாட்டி, சற்று மேலே தள்ளி ஒட்டுங்கள். கயிற்றாலோ ரப்பர் பட்டையாலோ இறுக்கக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படும். மருந்துக் கடைகளில் இதற்கென்றே விற்கும் நீர்புகா உறைகளும் உண்டு.

எத்தனை உறை போட்டாலும் கட்டை நீரின் வழியிலிருந்து விலக்கி வைப்பதே முதல் காவல். கையில் கட்டு என்றால் கையை உயர்த்தி, பக்கத்தில் ஒரு நாற்காலியின் முதுகின்மேலோ சுவர்த் தட்டின்மேலோ வைக்கவேண்டும். பையின் வாய் ஒருபோதும் மேல்நோக்கி இருக்கலாகாது. தலைக்குக் குளிப்பதென்றால், குனிந்து தலையை முன்னே நீட்டச் சொல்லி, மற்றொருவர் சிறிது சிறிதாக நீர் ஊற்றவேண்டும். காலில் கட்டு என்றால் நாற்காலியில் அமர்ந்து, காலை வேறொரு முக்காலியில் நீட்டி வைத்துக் குளிக்கவேண்டும். பை மாட்டிய காலோடு ஈரத்தரையில் நிற்பது, இன்னொரு எலும்பை முறித்துக்கொள்ள வழி. குளித்தவுடன் பைகளைக் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் உள்ளே வியர்வையே கட்டை நனைக்கும்.

சிறுவர்களே, உங்களுக்கு ஒரு சொல். ஆடிப்பெருக்கிற்கும் கோடை விடுமுறைக்கும் நாம் நர்மதாபுரத்துச் சேட்டானி படித்துறைக்குப் போகிறோம். கட்டுப் போட்டவன் படியில் அமர்ந்து வேடிக்கை பார்க்கலாம், நீரில் இறங்கக்கூடாது. ஆற்றிலோ குளத்திலோ மூழ்கினால் எந்தப் பையும் தாங்காது. அதோடு, ஒரு கை கனத்துத் தொங்க நீந்த முயல்வது உயிருக்கே ஆபத்து.

கவனத்தையும் மீறி நனைந்துவிட்டால் என்ன செய்வது? மேலே சில துளிகள் பட்டிருந்தால், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து மின்விசிறியின்கீழ் வையுங்கள். முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்துப் பயன்படுத்தலாம். சுடுகாற்று தோலைச் சுட்டுவிடும். அடுப்பருகே காட்டவே கூடாது. உள்ளே பஞ்சு நனைந்தாலும், கட்டு இளகினாலும், விரிந்தாலும், நாற்றம் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். அரிக்கிறதென்று குச்சியையோ பின்னல் ஊசியையோ உள்ளே விடுவதும், பவுடரைக் கொட்டுவதும் புண்ணை வரவழைக்கும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் வீங்கி, வெளுத்தோ நீலம் பாய்ந்தோ, குளிர்ந்தோ, மரத்தோ, அசைக்க முடியாமலோ போனாலோ, இரவா பகலா என்று பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உள்ளே அழுத்தம் மிகுந்தால் சில மணி நேரத்திலேயே தசைகள் அழியக்கூடும். காலையில் பார்க்கலாம் என்று காத்திருப்பது தகாது.

பெரியோர்களே, என் மகனின் கை இன்று நேராக இருக்கிறது. மறு ஆண்டுத் தீபாவளிக்குத் தாயாரை வரவழைத்து, மேலே சொன்ன காரணங்களையெல்லாம் அமர்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அன்றே சொல்லியிருந்தால், உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டிருப்பேனே! நோயாளிக்கு அப்படித்தானே நாங்கள் செய்வோம்" என்றார்கள். நான் வாயடைத்து நின்றேன். வழி நம் வழக்கத்திலேயே இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே, மருத்துவர் ஒன்றைச் செய்யாதே என்றால், ஏன் என்று பணிவோடு கேளுங்கள். கேட்டதை வீட்டிலுள்ள மூத்தோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கட்டு நனைந்துவிட்டால் வந்து சொல்லலாம், அடி விழாது என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். என் மகன் அன்றே சொல்லியிருந்தால் அந்த எலும்பு நகராமலே இருந்திருக்கலாம்.