பரிவு: ஒரு மணிக்கோபுரம் நினைவூட்டிய பாடம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்று அதற்கு விடுமுறை. நான் தேவாலய மணிகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியத்தின் மெக்கலன் நகரில், புனித றம்போல்ட் பேராலயத்தின் கீழே ஒரு மாலை நின்றிருந்தேன். கோபுரம் ஏறக்குறைய 97 மீற்றர் உயரம். மேலே செல்ல 500க்கு மேற்பட்ட படிகள். உச்சியிலிருந்து 49 மணிகள் ஒரு முழுப் பாட்டையே பொழிந்தன. இந்த வாத்தியத்தின் பெயர் கரில்லன்.

இதன் தொடக்கம் எளிமையானது. மணிக்கூட்டுக் கோபுரத்தின் பெரிய மணி அடிக்குமுன் ஊராரின் கவனத்தைத் திருப்பச் சில சிறு மணிகள் ஒலித்தன. முளைகள் பதித்த உருளை ஒன்று சுழன்று அவற்றின் சுத்தியல்களை இயக்கியது. 16ஆம் நூற்றாண்டில் மனிதர் அமர்ந்து வாசிக்கும் பலகை வந்தது. இன்று 23 மணிகளாவது இருந்தால்தான் அதைக் கரில்லன் என்பார்கள்.

வாசிப்பவர் பியானோவைப் போல விரலால் வாசிப்பதில்லை. வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளைப் பாதி மூடிய கைமுட்டியால் அழுத்துகிறார். கனத்த மணிகளுக்குக் காலால் மிதிக்கிறார். கட்டையிலிருந்து செல்லும் கம்பி மணியின் நாக்கை இழுக்கிறது. மணி அசைவதில்லை, நாக்குத்தான் அசைகிறது. மெல்ல அழுத்தினால் மெல்லிய ஓசை, ஓங்கி அழுத்தினால் பேரோசை. மின்சாரம் எதுவும் தேவையில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மணி ஒன்றை அடித்தால் ஒரு சுரம் மட்டும் எழாது. பல மேற்றொனிகள் சேர்ந்தே எழும். அவை ஒன்றோடொன்று இணங்காவிட்டால் மணி தனியே இனிமையாகக் கேட்டாலும் கூட்டத்தில் அபசுரமாகிவிடும். இதைத் தீர்க்க வழிகாட்டியவர் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர்: நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மணி வாசித்த யாக்கோப் வன் ஐக். அவர் மணியைத் தொடாமல் அதனருகே விசிலடிப்பார். அந்தச் சுரம் மணிக்குள் இருக்கும் சுரங்களில் ஒன்றோடு பொருந்தும்போது மணி தானே மெல்ல முனகும். இப்படி மணிக்குள் மறைந்திருந்த சுரங்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார்.

இதற்கு நாங்கள் படித்த பெயர் பரிவு. 1994இல், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலத்தில், எங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஆசிரியை இசைக்கவையைத் தட்டிப் பரிவுக் குழாயின் வாயருகே பிடித்தார். நீர்மட்டம் சரியான இடத்துக்கு வந்ததும் குழாய் பாடியது. “பிள்ளையள், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ,” என்றார்.

வன் ஐக்கின் செவியும் ஹெமனி சகோதரர்களின் உலையும் சேர்ந்தன. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த மணியின் உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் சீவிச் சுரம் சேர்த்தார்கள். சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே ஒவ்வொரு சீவலுக்கும் முன்னே காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1644இல் சுட்ஃபன் நகரில் அவர்கள் அமைத்ததே செம்மையாகச் சுரம் சேர்க்கப்பட்ட முதல் கரில்லன் என்பர்.

இளையவரான பீட்டர் ஹெமனி 1680இல் மறைந்தார். அதன்பின் அந்த நுட்பம் மிகச் சிலரிடமே தங்கி, பிறகு அவர்களிடமும் மங்கிப்போனது. மணிகள் கோபுரங்களில் தொங்கின. அவற்றைச் செய்யும் அறிவு இல்லை. அதை இங்கிலாந்தில் மீண்டும் கண்டுபிடிக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை செல்லவேண்டியிருந்தது.

மெக்கலனில் யெஃப் டெனைன் என்ற கலைஞர் இருந்தார். தந்தையின் பார்வை மங்கியபோது மணி வாசிக்கும் பொறுப்பை ஏற்றவர். தன்னோடு அந்தக் கலை போய்விடக் கூடாதென்று 1922இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றும் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அங்கே வருகிறார்கள்.

சகோதரிகளே, அந்த மாலை நான் நினைத்தது என் தொழிலை. நோயாளியின் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டி, நீர் கோத்த இடம் எது, காற்று நிறைந்த இடம் எது என்று ஓசையால் அறிய என் பேராசிரியர் கற்றுத்தந்தார். இப்போது ஸ்கான் அறிக்கை வரும்வரை காத்திருப்பதே பலருக்கு வழக்கமாகிவிட்டது. பழியை இளையவர்கள் மேல் போடமாட்டேன். அவர்கள் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைக்க எனக்கு நேரமில்லை என்று பல நாள் கடந்து போயிருக்கிறேன். ஊர் திரும்பிய பிறகு வாரத்தில் ஒரு காலையை அதற்கென ஒதுக்கியிருக்கிறேன்.

அந்தப் பௌதிகவியல் ஆசிரியை இன்று இல்லை. ஒருநாளும் நேரில் நன்றி சொல்லவில்லை என்பது எனக்கு ஆறாத குறை.

எங்கள் சங்கம் கட்டடத்துக்கும் கணினிக்கும் நிதி திரட்டுகிறது, அது தொடரட்டும். அதோடு ஒரு வேண்டுகோள். கணக்காளரோ, தாதியோ, தையல்காரியோ, வீணை வாசிப்பவரோ, ஊருக்கு வரும்போது ஒரு பாடவேளை வகுப்பறைக்குள் வாருங்கள். உங்கள் கைக்குத் தெரிந்ததை ஒரு பிள்ளையின் கைக்குக் கொடுங்கள். சரியான சுரத்தோடு நாங்கள் அருகே போனால், அந்தப் பிள்ளைகள் தாமாகவே ஒலிப்பார்கள்.