பிள்ளை பிறந்த வேளையா? முதலாளி போட்ட கையெழுத்தா?

(தென்காசியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியது)



பிரசவ லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கப்படுகிற பெண்கள் தங்கள் கணக்கை எப்படித் தீர்த்துக்கொள்ளுவது என்பதைப்பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. நான் வக்கீலுமல்ல, பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. சட்டப் புஸ்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தும், சில கடைப்படிகளில் ஏறி இறங்கியும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாயிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! இந்தப் பக்கத்தில் ஒரு கடை. பேர் வேண்டாம். பதினைந்து பேருக்குமேல் வேலை பார்க்கிற கடை. அதில் 6 வருஷம் முழுசாகக் கணக்கு எழுதின ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு லீவில் போனார். லீவெடுத்து 6 வாரம் ஆயிற்று. பிள்ளைக்கு 28 நாள். அன்றைக்கு ஒரு கடிதம் வந்தது. “வியாபாரம் குறைந்துவிட்டபடியால் ஆள்குறைப்புச் செய்திருக்கிறோம்; 40,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு, இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லையென்று கையெழுத்துப் போட்டுத் தரவும்” என்று அதில் கண்டிருந்தது.

தகவல் தெரிந்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே என்ன பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? முதலாளி செய்தது நியாயமா என்ற பேச்சா? இல்லை. பிள்ளை பிறந்த வேளை சரியில்லை என்ற பேச்சு! ஜோசியர் வந்து ஜாதகத்தைப் பார்த்துவிட்டுப் பரிகாரத்துக்கு 3,000 ரூபாய் கேட்டிருக்கிறார். மாமியார், “பெற்றவள் வேலையைத் தின்றுவிட்டுப் பிறந்திருக்கிறதே” என்று அந்தப் பெண் குழந்தையைப் பார்த்துச் சொல்லுகிறார். புருஷனோ, “வந்தவரைக்கும் லாபம், கையெழுத்தைப் போட்டுவிடு” என்கிறார். பெற்றவள் ஒருத்திதான் ஒன்றும் பேசாமல் அழுதுகொண்டிருந்தார்.

நம் குற்றாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டால் ஏன் குறைந்தது என்று ஒரு சிறு பையனைக் கேளுங்கள். மலைமேல் மழையில்லை, சிற்றாற்றில் வரத்தில்லை என்று சொல்லுவான். அருவிக்கரையில் இன்றைக்குப் பிறந்த பிள்ளையின் நட்சத்திரத்தால் தண்ணீர் நின்றுபோயிற்று என்று எவனாவது சொன்னால் அவனைப் பார்த்துச் சிரிப்போமா, மாட்டோமா? தண்ணீருக்குக் காரணம் தேடத் தெரிந்த நமக்கு, சம்பளம் நின்றால் மட்டும் காரணம் தேடத் தெரியாமல் போவானேன்? அந்தக் கடிதத்தில் தேதி இருந்தது. கடை முத்திரை இருந்தது. ஒரு மனிதருடைய கையெழுத்து இருந்தது. சனி பகவான் கையெழுத்தா அதில் இருந்தது? மனிதன் செய்த காரியத்துக்கு மனிதனைத்தானே கேட்கவேண்டும்? பாலைத் தவிர வேறொன்றும் அறியாத குழந்தைமேல் பழியைப் போட்டுவிட்டால் முதலாளிக்கு அதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

இனிச் சட்டம் சொல்லுவதைப் பார்ப்போம். பிரசவ லீவில் இருக்கும் பெண்ணை அந்த லீவின் காரணமாகவோ, அந்த லீவு நடக்கும்போதோ வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம் என்று 1961ஆம் வருஷத்துப் பிரசவ உதவிச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்லிற்று. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் அமுலுக்கு வந்திருக்கிற, 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்லுகிறது. “நடக்கும்போதோ” என்ற வார்த்தையைக் கவனியுங்கள். “நான் பிரசவத்துக்காக நீக்கவில்லை, வியாபாரம் குறைந்ததற்காக நீக்கினேன்” என்று முதலாளி தப்பித்துக்கொள்ளக் கூடாதென்றுதான் அந்த வார்த்தை வைக்கப்பட்டிருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், 10 பேரோ அதற்கு மேலோ உள்ள கடையில் 26 வாரச் சம்பளம் உண்டு. இரண்டு பிள்ளைகளோ அதற்கு மேலோ உயிரோடிருந்து, அதற்குப்பின் பெறுகிறவர்களுக்கு 12 வாரம். பிள்ளை பிறந்ததற்கு அத்தாட்சி காட்டின 48 மணி நேரத்துக்குள் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்திருந்தால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும், அதற்காக முதலாளிக்கு வேலையை விட்டு நீக்குகிற உரிமை வந்துவிடாது.

இந்தச் சட்டம் எந்தச் சாமியும் வரமாகக் கொடுத்ததல்ல. 1919இல் வாஷிங்டனில் கூடின சர்வதேசத் தொழிலாளர் மகாநாட்டில் பிரசவ காலப் பாதுகாப்புக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பம்பாய்ச் சட்டசபையில் இதற்கான மசோதாவை 1928இல் டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்துக்கு 1934ஆம் வருஷத்தில் சட்டம் ஏற்பட்டது. 12 வாரமாயிருந்தது 26 வாரமானது 2017இல். இவ்வளவும் மனிதர்கள் கேட்டு, வாதாடி, பெற்றுக்கொண்டவை. கேளாதவர்களுக்கு இன்றைக்கும் கிடைப்பதில்லை.

கேட்டவர்களுக்குக் கிடைத்ததா என்பீர்கள். மூன்று சங்கதி சொல்லுகிறேன். கோயமுத்தூர் ஜில்லா மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு 12 வாரப் பணம் கொடுக்கும்போது, 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாளுக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்த அம்மாள் கோயமுத்தூர்த் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு டில்லி சுப்ரீம் கோர்ட் மட்டும் போயிற்று. வாரமென்றால் ஞாயிறும் சேர்ந்து 7 நாள், ஆகவே 84 நாள் என்று 1977இல் தீர்ப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளை பால் குடிக்காமல் இருக்குமா, என்ன?

இரண்டாவது, ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். 1990 ஜனவரியில் பிள்ளை பிறந்தது. பிப்ரவரியில் வேலை போயிற்று. கர்ப்பத்தை மறைத்தார் என்பது கார்ப்பரேஷன் கட்சி. வேலையில் சேருகிற பெண்ணிடம் மாதவிலக்குத் தேதி முதற்கொண்டு எழுதி வாங்குகிற ஒரு பாரத்தை அங்கே வைத்திருந்தார்கள்! சுப்ரீம் கோர்ட்டு 1991இல் அந்த அம்மாளுக்கு வேலையைக் கொடுக்கச் சொன்னதுமல்லாமல், வெட்கக்கேடான அந்தக் கேள்விகளையே பாரத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிற்று.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண் டாக்டர். லீவின் நடுவில் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது, ஆகவே மீதிப் பணமில்லை என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் 26 வாரமும் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2023இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

சரி, அந்தக் கடைக் கணக்குக்கு வருவோம். அந்தப் பெண்ணுக்கு மாதம் 24,000 ரூபாய் சம்பளம். எல்லாம் அடிப்படைச் சம்பளமே. தினத்துக்கு 800. 26 வாரமென்றால் 182 நாள்; 42 நாளுக்குப் பணம் வந்துவிட்டது; மீதி 140 நாளுக்கு 1,12,000. ஆள்குறைப்பு என்று அவர்களே சொல்லுகிறபடியால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் 6 வருஷத்துக்கு 72,000. ஒரு மாத நோட்டீசு கொடாததற்குப் பதில் 24,000. 5 வருஷம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி: மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் 6ஆலும் பெருக்கினால் 83,077. ஆகக் கூடுதல் 2,91,077 ரூபாய். கடைக்காரர் நீட்டினது 40,000! அந்தப் பெண் கணக்கு எழுதுகிறவர்தான். ஆனால் ஊரார் கணக்கையெல்லாம் எழுதினவருக்குத் தன் கணக்கை எழுதிப் பார்க்க அதுவரை யாரும் இடம் கொடுக்கவில்லை. காகிதத்தில் கூட்டினதும் அவருடைய அழுகை நின்றுவிட்டது.

தாய்மார்களே! இங்கேதான் முக்கியமான ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த 2,91,077 பேரம் பேசுகிற பணமல்ல, அது கடன். கடைக்காரர் வாங்கின சரக்குக்குப் பணம் கொடுப்பது எப்படித் தர்மமில்லையோ, அப்படியே இதுவும் தர்மமில்லை. இதிலும் பிரசவச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதாக நீங்களே எழுதிக்கொடுத்தாலும் சட்டத்துக்கு விரோதமான அந்த எழுத்து செல்லாது. பேரம் இதற்குமேல்தான் ஆரம்பிக்கவேண்டும். எதற்காகப் பேரம்? லீவில் நீக்கினது சட்ட விரோதமானபடியால், “என் வேலையைத் திருப்பிக் கொடு” என்று கேட்கிற உரிமை உங்கள் கையில் இருக்கிறது. வேலையைக் கொடுக்க அவருக்கு மனமில்லாவிட்டால், உங்களுக்கும் போக விருப்பமில்லாவிட்டால், அந்த உரிமைக்கு விலை பேசுங்கள். கடனையும் விலையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, “மொத்தமாக இவ்வளவு” என்று எவராவது சொன்னால் மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேசப் போகும்போது கவனிக்கவேண்டியவை சில. முதலாவது, ராஜிநாமா எழுதாதீர்கள். “நல்ல பேரோடு போகலாம்” என்று சொல்லி ராஜிநாமா வாங்குவார்கள். வாங்கினபின் ஆள்குறைப்புப் பணம் எதற்கு என்பார்கள். இரண்டாவது, வெற்றுக் காகிதத்திலோ, ஸ்டாம்பு ஒட்டின காகிதத்திலோ கையெழுத்திடாதீர்கள். கொடுக்கிற பணத்தை வாங்கினாலும், “மற்ற உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி வாங்குங்கள். மூன்றாவது, உங்கள் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புதிதாக ஓர் ஆளை வைத்திருந்தால் அது ஆள்குறைப்பல்ல, ஆள்மாற்று. உண்மையான ஆள்குறைப்பிலும் கடைசியில் வந்தவர்தான் முதலில் போகவேண்டும் என்பது விதி. நான்காவது, 60 நாள் கணக்கை மறவாதீர்கள். நீக்கின உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் அப்பீல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பேசுவோம், பேசுவோம் என்று நாளைக் கடத்துவது சில முதலாளிகளின் வித்தை. அப்பீலைக் கொடுத்துவிட்டே பேசலாம். ஐந்தாவது, வக்கீலுக்குப் பணமில்லையே என்று பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டென்று 1987ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. சர்க்கார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பேரால் ஏழைத் தாய்மார்களுக்குச் செய்கிற 18,000 ரூபாய் உதவியைக் காட்டி, “அதுதான் வருகிறதே” என்று சொல்லுகிற கடைக்காரர்களும் உண்டு. சர்க்கார் உதவி சர்க்கார் உதவி. முதலாளி கடன் முதலாளி கடன். ஒன்று மற்றொன்றைத் தீர்க்காது.

புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை அவருடையது, பிரசவ வேதனை அவருடையது, கையெழுத்தும் அவருடையது. அப்படியிருக்க, “போட்டுவிடு” என்று சொல்ல நீங்கள் யார்? துணைக்குப் போங்கள், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டிலும் இருங்கள். முடிவு மட்டும் அவருடையதாக இருக்கட்டும். பணமும் அவர் பேரில் உள்ள பாங்கிக் கணக்கில் விழட்டும்.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் எட்டிவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த கடையில் வேலை பார்க்கிறவருக்கு இந்த 26 வாரம் இல்லை. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் ஆள்குறைப்புப் பணமும் நோட்டீசும் மட்டும் உண்டு. சீசன் மூன்று மாதத்துக்கு மட்டும் லாட்ஜில் பாத்திரம் தேய்க்கிறவருக்கும், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறவருக்கும் நீக்கினேன் என்று ஒரு கடிதங்கூட வருவதில்லை. இலை கொடுப்பதை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. அவர்கள் தனித்தனியாகக் கேட்டால் காதில் விழாது; சங்கமாகச் சேர்ந்து கேட்டால்தான் விழும். 1919இலிருந்து நடந்ததெல்லாம் அப்படித்தான் நடந்தது.

அந்தப் பெண் கதை என்னாயிற்றென்று கேட்பீர்கள். இருபதாம் நாளில் அப்பீலை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். வேலையைத் திருப்பிக் கேட்டார். கடைக்காரர் முதலில் கோபித்தார், பிறகு ஆளனுப்பினார், பிறகு தாமே பேசினார். மூன்றாவது பேச்சில் முடிந்தது. கடன் 2,91,077 ஒரே தடவையில். அதற்குமேல் இரண்டு மாதச் சம்பளம் 48,000. வேலை பார்த்ததற்கு நல்ல அத்தாட்சிக் கடிதம் ஒன்று. ஜோசியருடைய 3,000 மிச்சம்.

இப்போது அந்த மாமியார் என்ன சொல்லுகிறாராம், தெரியுமா? “பேத்தி பிறந்த ராசி, மூன்று லட்சம் தேடி வந்தது” என்கிறாராம்! அம்மா, வேலை போனதும் பிள்ளையாலல்ல. பணம் வந்ததும் பிள்ளையாலல்ல. போனது ஒருவர் போட்ட கையெழுத்தால். வந்தது உங்கள் மருமகள் போட மறுத்த கையெழுத்தால். இந்த இரண்டு கையெழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.