ரம்மும் வெல்லமும்: ஒரு ருசிப் பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அவரவர் தொழிலில் இருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் தொழில், திரவங்களைக் காய்ச்சி வடிக்கும் கலன்களை வடிவமைப்பது. மருந்துக் கம்பெனிக்கும் செய்கிறோம், சாராய ஆலைக்கும் செய்கிறோம். ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ரம். அதிலும், மரப் பீப்பாயில் பல வருஷம் கிடந்து முதிர்ந்து, மெல்ல உறிஞ்சி ருசி பார்ப்பதற்கென்றே செய்யப்படும் ரம். முதல்வர் ஐயாவின் முகம் மாறுவது தெரிகிறது! பயப்படாதீங்க ஐயா, மேடையில் பாட்டில் எதுவும் கிடையாது. என் பையில் இருப்பது மூன்று வெல்லக் கட்டி மட்டும்தான். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இந்த மண்ணில் நின்று இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது தருமபுரி சேலத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான். அந்த மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003-இல் இருந்து சில்லறைக் கடையும் அரசின் டாஸ்மாக் கைக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷமும் நாம் பேசியதெல்லாம் குடிக்கலாமா, கூடாதா என்கிற ஒரே கேள்வியைத்தான். உள்ளே என்ன இருக்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பொறியாளன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே!

ஆலையில் இருந்து பீப்பாய்க்கு

நம் மாவட்டத்தில் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். ஒன்று பாலக்கோட்டில், இன்னொன்று அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில், பாப்பாரப்பட்டியில் மறைந்த தியாகி சுப்பிரமணிய சிவாவின் பெயரில். நூறு டன் கரும்பை அரைத்தால், சர்க்கரை எடுத்த பிறகு சுமார் நாலு, நாலரை டன் கறுப்புப் பாகு மிஞ்சும். அதுதான் மொலாசஸ். அதில் இருக்கும் சர்க்கரையை மேற்கொண்டு படிகமாக்க முடியாது, கட்டுப்படியாகாது. ஆனால் ஈஸ்ட்டுக்கு அது விருந்து. தண்ணீர் விட்டு நொதிக்கவைத்து, பிறகு காய்ச்சி வடித்தால் ஒரு டன் மொலாசஸில் இருந்து இருநூறு லிட்டருக்கு மேலேயே சாராயம் கிடைக்கும்.

இங்கேதான் பாதை பிரிகிறது. உயரமான வடிகலனில் 96 சதவீதம் வரை வடித்தால் மணமும் குணமும் இல்லாத வெறும் எரிசாராயம் வரும். அதில் தண்ணீர், எசென்ஸ், கருக்கிய சர்க்கரை நிறம் சேர்த்துப் பாட்டிலில் அடைத்துவிடலாம். மலிவுச் சரக்கு பலவற்றின் கதை இதுதான். இன்னொரு பாதையில், கரும்பின் மணம் கொஞ்சம் தங்கும்படி குறைந்த செறிவில் வடித்து, உட்புறம் தீயில் கருக்கிய ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். அதன் பிறகு மனுஷனுக்கு வேலை இல்லை. மரமும் காற்றும் வெயிலும் வேலை செய்யும்.

கருகிய ஓக் மரத்தில் இருந்து வனிலா மணம் இறங்கும். கிராம்பு மணம், தேங்காய் மணம், துவர்ப்பு எல்லாம் இறங்கும். உள்ளே இருக்கும் அமிலமும் சாராயமும் கூடிப் பழ மணம் உண்டாகும். கூடவே, பீப்பாய் மூச்சு விடும். ஒவ்வொரு வருஷமும் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். தொழிலில் இதற்குத் 'தேவதையின் பங்கு' என்று பெயர். ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் போகிறது. நம் ஊர் வெப்பத்தில் 10 சதவீதம் வரைக்கும், அதற்கு மேலும் போகும். தம்பிகள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 லிட்டர் பீப்பாய், ஏழு வருஷம். அங்கே 173 லிட்டர் மிஞ்சும். இங்கே 95 லிட்டர்தான். பாதிக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது! வெப்பம் அதிகம் என்பதால் மரத்தின் சாரமும் இங்கே சீக்கிரம் இறங்கும். ஆகவே ஏழு வருஷம் என்ற எண்ணுக்கு அங்கே ஒரு பொருள், இங்கே வேறு பொருள்.

நம் நாட்டில் முதிர்ந்த ரம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது ஓல்டு மங்க். மோகன் மீக்கின் நிறுவனம் 1954-ல் அறிமுகம் செய்தது. ஏழு வருஷம் முதிர்ந்த கலவை என்று பெயர் பெற்றது. அதன் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். இது என்ன விசித்திரமான எண் என்று யோசித்ததுண்டா? வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றித் தீ வைப்பார்களாம். பற்றினால் சரக்கு சுத்தம் என்பது பழைய ஆங்கிலேயர் சோதனை. அப்படிப் பற்றும் அளவு சுமார் 57.1 சதவீதம், அதை 100 டிகிரி ப்ரூஃப் என்றார்கள். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 டிகிரி என்பதுதான் 42.8. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் வெடிமருந்துக் கணக்கு இன்னும் நம் பாட்டிலில் இருக்கிறது.

ஆறு சுவையும் ஒரு கண்ணாடியும்

சரி, ருசி பார்ப்பது எப்படி? மேலே குறுகி, கீழே அகன்ற சின்னக் கண்ணாடி. அதில் முப்பது மில்லி போதும். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் மணம் எழாது. மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்துகொண்டு, விளிம்புக்கு மேலே முகர வேண்டும். முதல் துளி நாக்கைப் பழக்கத்தான். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது துளியை வாயில் பத்து நொடி வைத்திருந்து, நாக்கு முழுக்கப் பரவவிட வேண்டும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால் ஒளிந்திருந்த மணங்கள் வெளியே வரும். விழுங்கிய பிறகு தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தச் சுவையாய் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். நல்ல சரக்கு மெதுவாய் விலகும். மட்டமானது சுரீர் என்று சுட்டுவிட்டு ஓடிவிடும்.

மேல்நாட்டு ருசிப் புத்தகங்களில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று தொடங்கி எழுதுவார்கள். காரத்தையும் துவர்ப்பையும் சுவைக் கணக்கில் சேர்க்காமல் தனியே ஒதுக்கிவைப்பார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு என்று ஆறையும் நம் பாட்டிமார் அடுப்படியிலேயே எண்ணி வைத்திருக்கிறார்கள். ரம்மில் மரம் தருவது துவர்ப்பு, பாக்கும் நெல்லிக்காயும் தருகிற அதே துவர்ப்பு. சாராயம் தருவது கார்ப்பு. இது உவமை இல்லைங்க: மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் சாராயமும் தூண்டுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆக, நல்ல ரம்மை எடைபோடத் தேவையான சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன.

இந்தத் தொழிலில் இருக்கும் கலவை நிபுணர்கள் பலரைப் பெங்களூருப் பக்கம் பார்த்துப் பழகியிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பல பத்து மாதிரிகளைப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்து 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்து முகர்வார்கள். வாயில் வைத்தால் துப்பிவிடுவார்கள். சரக்கை நன்றாக அறிந்தவர்கள்தான் அதை மிகக் குறைவாக விழுங்குகிறார்கள். நம் ஊரில் நடப்பது என்ன? கடை வாசலிலேயே கட்டிங் வாங்கி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு, உடனே ஊறுகாயை நக்கி அந்தச் சுவையை அழிச்சுடறது. ருசி பிடிக்காத ஒன்றை, ருசி தெரியாமலிருக்க இத்தனை பாடுபட்டுக் குடிக்கிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது ரம் இல்லை, மறதி. அந்த மறதியின் விலையை வீட்டில் இருக்கிற பெண்கள் கட்டுகிறார்கள்.

மூன்று வெல்லக் கட்டி

இப்போது பையில் இருப்பதை எடுக்கிறேன். மூன்றும் நம் மாவட்டத்து வெல்லம். ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று தேன் நிறம், ஒன்று கறுப்பு. முன்வரிசையில் இருக்கும் தங்கை ஒரு துண்டு எடுத்து, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போடம்மா. வெறும் இனிப்பு மட்டும் தெரியும். இப்போது மூக்கை விடு. சட்டென்று கரும்பு, புகை, கொப்பரை வாசனை எல்லாம் வந்துவிடும். நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. முதிர்ந்த ரம்மில் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். அதற்குச் சாராயம் ஒரு சொட்டும் தேவையில்லை.

இரண்டாவது பாடம் நிறம். கடையில் முதலில் விலைபோவது எது? வெளிர் மஞ்சள்தான். அந்த வெளுப்புக்காகப் பல இடங்களில் பாகில் ஹைட்ரோஸ் கொட்டுகிறார்கள். கறுப்பு வெல்லம் அழுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. ரம்மில் அப்படியே தலைகீழ்: கறுப்பாக இருந்தால் வயதானது என்று நம்புகிறோம், அதனால் கருக்கிய சர்க்கரையை ஊற்றிக் கறுப்பாக்குகிறார்கள். ஏழு வருஷத்து நிறம் ஏழு நிமிடத்தில் வந்துவிடும். வெல்லத்தை வெளுத்து ஏமாற்றுகிறார்கள், ரம்மைக் கறுத்து ஏமாற்றுகிறார்கள். இரண்டிலும் ஏமாறுவது கண். கொப்பரை அருகே நின்று, ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் சொல்கிறாரே நம்ம ஊர்ப் பெரியவர், அவர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. விரலை நம்புகிறார், மூக்கை நம்புகிறார்.

அவர் கையில் இருக்கும் வெல்லத்துக்கும் இப்போது மதிப்பு வருகிறது. பெங்களூரு அம்ருத் நிறுவனம் இந்திய வெல்லத்தில் வடித்த ரம்மோடு கரீபியத் தீவுகளின் ரம்மைக் கலந்து 2013-ல் 'டூ இண்டீஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. நாம் பொங்கலுக்குப் போடுவதை அவர்கள் பீப்பாய்க்குள் போட்டிருக்கிறார்கள்.

நாக்கும் தோற்கும் இடம்

தம்பிகளே, கடைசியாக ஒன்று. நாக்கையும் மூக்கையும் இவ்வளவு புகழ்ந்தேன். அவையும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: மெத்தனால். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கிறது. கலனுக்கு வித்தியாசம் தெரியும். நாக்குக்குத் தெரியாது, மணமும் சுவையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண் பார்வையைப் பறிக்கும், பிறகு உயிரை. 2008 மே மாதம் பெங்களூருப் பக்கத்திலும் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் எந்த நாக்கும் எச்சரிக்கவில்லை. எவ்வளவு தேர்ந்த ருசிகனும் அங்கே செத்துத்தான் போயிருப்பான். ஊர் பேர் தெரியாத சரக்கை "கொஞ்சம் ருசி பார்த்துட்டுச் சொல்றேன்" என்பவனை அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

நல்ல பாட்டில் என்றால் மட்டும் பத்திரமா? எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஏழு வருஷ ஓக் பீப்பாய் அதை மாற்றாது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு நம் மாநிலத்தில் விற்கவே கூடாது என்பது சட்டம். குடிக்காதவர்கள் என் பேச்சைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம். கேட்டு அறிந்துகொண்டாலே போதும். குடிப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: எது உள்ளே போகிறதோ அதை அறிந்து போகவிடுங்கள். நிதானமாய்ப் பத்து நொடி வாயில் வைக்க முடியாத சரக்கு, விழுங்கவும் தகுதியில்லாதது.

வேதியியல் துறைக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் ஆய்வுக்கூடத்தில் மாதம் ஒருநாள் சுற்றுவட்டார வெல்ல மாதிரிகளை மாணவர்கள் சோதிக்கலாம். ஹைட்ரோஸ் இருக்கிறதா என்று ஒரு பக்கம், முகர்ந்தும் ருசித்தும் எழுதிய குறிப்பு மறுபக்கம். கறுப்பு வெல்லம் காய்ச்சும் விவசாயிக்கு அந்தத் தாள் நல்ல விலை வாங்கித்தரும். கருவிகளுக்கு ஆகும் செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் தந்துவிடுகிறேன். மற்ற நண்பர்களும் பார்த்துச் செய்யுங்கள்.