மாதம் பத்து வெள்ளி

வேலைக்குப் போகாத நாளிலும் கைக்குக் காசு வருவதெப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பங்கு, வீடு, வாடகை எல்லாம் பேசலாம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

மலாயாவின் சுதந்திரமான மெர்டேக்காவுக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டாடி விற்க, பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைக்கு அது லேசான காசா, சொல்லுங்கள்? மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பின்னாளில் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் எழுந்தது. ஒரு பக்கம் தோட்டம், இன்னொரு பக்கம் வாடகை, உறுப்பினருக்கு லாப ஈவு. பங்கு முதலீடும் சொத்து முதலீடும் நம் பால்வெட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை!

மலாக்காவில் ஜாசின் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். ஓர் அக்கா பிளாஸ்டிக் பையிலிருந்து மடிப்பெல்லாம் கிழிந்த பங்குப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். “மாமியார் பேர்ல இருக்கு சார். அவங்க தவறி ரொம்ப வருசமாச்சு. இது இன்னும் செல்லுமா?” பக்கத்தில் இருந்தவர், “எங்க வீட்டுலயும் ஒன்னு கெடக்கு” என்றார். உறுப்பினர் இறந்துவிட்டாலும் பங்கு வெறும் காகிதமாகிவிடாதம்மா, வாரிசுதான் கேட்டு வாங்க வேண்டும் என்றேன்.

நேரம் ஓடுகிறது, மற்றதைச் சுருக்கிவிடுகிறேன். மலாக்காவில் நிலம் வாங்குகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் கிராண்ட் எனும் நிலப் பட்டாவைப் பாருங்கள். எம்.சி.எல். எனும் மலாக்கா வழக்க நிலமாக இருந்தால் சட்டம் வேறு. நினைத்தவுடன் நம் பெயருக்கு மாற்ற முடியாது. வாடகை வீடு என்றால் வங்கித் தவணை, மதிப்பீட்டு வரி, ரிப்பேர் போக மிஞ்சுவதுதான் வருமானம். சிறுகச் சேர்ப்பவர்களுக்கு அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் நிதி இருக்கிறது. ஒரு யூனிட் ஒரு வெள்ளி, அந்த விலை மாறாது. மாதாமாதம் நிச்சய லாபம் என்று டெலிகிராமில் கூப்பிடுகிறவர்களை நம்பவே வேண்டாம்.

இந்த வாரம் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தா, பாட்டி பெயரில் பத்திரம் இருந்தால், இறப்புச் சான்றிதழோடு சங்கத்தில் போய் விசாரியுங்கள். உங்கள் பெயரில் பங்கு இருந்தால், வாரிசுப் பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள்.