மலாக்காவின் ஆறு தொகுதிகளும் நம் வாக்கும்

(மலாக்கா மாநிலத் தோட்ட மக்களுக்குத் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

நாடாளுமன்றத் தேர்தல்களில் நம் மலாக்கா மாநிலம் எவ்வாறு வாக்களித்து வந்துள்ளது, அதில் தோட்ட மக்களாகிய நமக்குள்ள பங்கு யாது என்பது பற்றிச் சில கூற விழைகின்றேன். எந்தக் கட்சியை ஆதரிக்க வேண்டும் என்று சொல்வது என் வேலையன்று. அது நீங்களே சிந்தித்துச் செய்ய வேண்டிய முடிவு. கையிலுள்ள உரிமை வீணாகாமல் காத்துக்கொள்வது எப்படி என்பதே என் உரையின் நோக்கம்.

நாடாளுமன்ற மக்களவையில் மொத்தம் 222 இடங்கள் உள்ளன. அவற்றுள் மலாக்காவிற்கு உரியவை ஆறு. மஸ்ஜிட் தானா, அலோர் காஜா, தங்கா பத்து, ஹங் துவா ஜெயா, கோத்தா மலாக்கா, ஜாசின் என்பன அவை. காடேக், மாச்சாப், ரெம்பியா, டுரியான் துங்கல், அசஹான் வட்டாரங்களில் வாழ்வோர் அலோர் காஜா தொகுதியைச் சேர்ந்தவர்கள். பெம்பான், ரிம், செர்காம், மெர்லிமாவ் மக்கள் ஜாசின் தொகுதியினர். ஆயர் குரோ, புக்கிட் கட்டில் குடியிருப்புகளில் இருப்போர் ஹங் துவா ஜெயா தொகுதியில் அடங்குவர்.

"222 இடங்களில் ஆறு எம்மாத்திரம்?" என்று சிலர் கேட்கக்கூடும். அரசமைக்கக் குறைந்தது 112 இடங்கள் வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் அந்த எண்ணிக்கை கிட்டவில்லை. அத்தகைய நிலையில் ஒவ்வோர் இடத்திற்கும் மதிப்பு உண்டு.

இந்த உரிமை நமக்கு எளிதில் கிடைத்ததன்று என்பதையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாவில் முதல் கூட்டரசுத் தேர்தல் நடைபெற்றது. இடங்கள் 52. பதிவு பெற்ற வாக்காளர்கள் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் மலாய்க்காரர், சீனர் நீங்கலாக, இந்தியர் உள்ளிட்ட ஏனையோர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பால்மரக் காடுகளில் உழைத்தோர் பல்லாயிரவர் இருந்தும், குடியுரிமை இன்மையால் அவர்களுள் மிகப் பலருக்கு வாக்கு இல்லை. அடுத்த ஆண்டு, 1956 பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் நம் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில்தான் சுதந்திர நாளை அறிவித்தார். சுதந்திரத்திற்குப் பின்னர் குடியுரிமை பெற்ற நம் முன்னோர் வழியாக வந்ததே இன்று நம் கையிலிருக்கும் வாக்கு.

அண்மைக்காலத் தேர்தல்களைப் பார்ப்போம். 2008ஆம் ஆண்டில் மலாக்காவின் ஆறு தொகுதிகளில் ஐந்தைத் தேசிய முன்னணியும் ஒன்றை எதிர்க்கட்சியும் வென்றன. 2013இல் அது நான்குக்கு இரண்டு ஆயிற்று. 2018 மே 9ஆம் நாள் நடந்த தேர்தலில் நிலை தலைகீழாக மாறி, பக்காத்தான் ஹராப்பான் நான்கையும் தேசிய முன்னணி இரண்டையும் பெற்றன. 2022 நவம்பர் 19ஆம் நாள் பக்காத்தான் ஹராப்பானுக்கு மூன்று, பெரிக்காத்தான் நேஷனலுக்கு மூன்று. தேசிய முன்னணிக்கு ஒன்றுமில்லை.

இதில் வியப்பு என்னவெனில், அதற்குச் சரியாக ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவாக, 2021 நவம்பர் 20ஆம் நாள், இதே மலாக்காவில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. அதில் மொத்தம் 28 இடங்களில் 21ஐத் தேசிய முன்னணியே கைப்பற்றியது. அதே மாநிலம், அதே ஊர்கள். ஓராண்டுக்குள் முடிவு மட்டும் எவ்வளவு வேறுபட்டது!

இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கணக்கு அறிந்தவர்க்கு இரண்டு தெளிவாகத் தெரியும்.

முதலாவது, வாக்குகள் பிரிவது. 2021இல் 21 இடங்களை வென்ற கூட்டணி பெற்ற வாக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 38தான். மூவர் போட்டியிடும்போது ஒருவர் 36, மற்றவர் 34, இன்னொருவர் 30 பெற்றால், 36 பெற்றவரே வெற்றியாளர். பாதி வேண்டுவதில்லை; ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். ஆகவே ஒரு தோட்டத்தின் சில நூறு வாக்குகள் ஒரு தொகுதியின் முடிவையே மாற்றிவிடக்கூடும். காடேக் சட்டமன்றத் தொகுதியை 2013இல் ம.இ.கா.வும், 2018இல் ஜ.செ.க.வும், 2021இல் மீண்டும் ம.இ.கா.வும் வென்றதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, வாக்களிப்போர் யார் என்பது. 2021 தேர்தலில் ஏறத்தாழ 4 இலட்சத்து 95 ஆயிரம் வாக்காளர்களில் வாக்களிக்க வந்தோர் நூற்றுக்கு 66 பேர் அளவே. மூவரில் ஒருவர் வரவில்லை. அன்றைக்கு 21 வயது நிறைந்து, தாமே விண்ணப்பித்துப் பதிந்தவர்களுக்கே வாக்கு இருந்தது. அத்தேர்தல் முடிந்த 25ஆம் நாள், அதாவது 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவரும் தாமாகவே வாக்காளர் ஆகும் முறை நடப்புக்கு வந்தது. இதனால் 2018இல் 1 கோடியே 49 இலட்சமாக இருந்த நாட்டின் வாக்காளர் தொகை, 2022இல் 2 கோடியே 11 இலட்சமாக உயர்ந்தது.

"பெயர் தானாகவே பதிவாகிவிடுமே, இனி நமக்கென்ன கவலை?" என்று இருந்துவிடக் கூடாது. இங்கேதான் தோட்ட மக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. தானாகப் பதியும் பெயர், அடையாளக் கார்டிலுள்ள முகவரியின்படியே தொகுதியில் சேர்க்கப்படுகிறது. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. பல லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து வீடுகளுக்குச் சென்றன. ஆனால் கார்டில் பழைய தோட்டத்தின் முகவரியே நிற்கிறது. அசஹானிலிருந்து ஆயர் குரோவிற்குக் குடிபெயர்ந்தவரின் வாக்கு இன்னும் அலோர் காஜாவிலேயே இருக்கும். தம் வீட்டின் முன் ஓடும் சாக்கடையைப் பற்றிப் பேச வேண்டிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழியில்லை. வேறு டிவிஷன் செக்ரோலில் பெயர் இருந்தால் இந்த டிவிஷன் பெரட்டில் நம் பெயரைக் கூப்பிடுவார்களா? அதுபோன்றதே இதுவும்.

ஆகவே வீடு மாறியவர்கள் முதலில் தேசியப் பதிவிலாகாவில் கார்டின் முகவரியை மாற்ற வேண்டும். முன்னரே வாக்காளராய் இருப்பவர்கள் அத்துடன் நின்றுவிடாமல், தேர்தல் ஆணையத்திடமும் தொகுதி மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி வேலைகள். தேர்தல் அறிவித்த பின் ஓடிப் பயனில்லை. ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைக் கொடுத்தால் வாக்களிக்கும் இடம் தெரியும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் லயத்திலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இவ்வுதவியைச் செய்யலாமே! சிவப்பு நிற அடையாளக் கார்டு வைத்திருப்போருக்கு வாக்கு இல்லை. இங்கேயே பிறந்தும் உரிய பத்திரமின்றி இருப்போர், காலம் கடத்தாமல் பதிவிலாகாவை அணுக வேண்டும்.

பால்வெட்டுக்குப் போனால்தான் அன்றைய கூலி. வாக்களிக்கப் போனால் கூலி போய்விடுமே என்று அஞ்சுவோர் உண்டு. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. வாக்களிப்பு நாளில் வாக்களிக்கப் போதிய நேரத்தை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். அந்நேரத்திற்காகச் சம்பளத்தைப் பிடிக்கவோ தண்டிக்கவோ கூடாது. தோட்டத்திற்கும் இச்சட்டம் பொருந்தும்.

"யாருக்குப் போட்டேன் என்று கிராணிக்கும் தண்டலுக்கும் தெரிந்துவிடுமோ?" என்ற அச்சமும் சிலரிடம் உண்டு. வாக்குச் சீட்டில் உங்கள் பெயர் இல்லை. தடுப்புக்குப் பின்னால் நீங்கள் தனியே நின்று அடையாளமிட்டு, மடித்து, பெட்டியில் இடுகிறீர்கள். விரலில் பூசும் அழியா மை, வாக்களித்தீர்கள் என்பதைக் காட்டுமேயன்றி, யாருக்கு என்பதைக் காட்டாது. வாக்குக்காகப் பணமோ பொருளோ கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். ஒரு நாள் விருந்துக்கு ஐந்தாண்டு உரிமையை விற்பது நட்டக் கணக்கு.

பெருமக்களே! மலாக்கா எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுத்த நிலமன்று என்பதை மேற்கண்ட தேர்தல்கள் காட்டுகின்றன. எந்த வேட்பாளரும் நம் வாக்கை உறுதியென்று எண்ண இயலாத வரை, பள்ளி, வீடு, சாலை, குடிநீர் ஆகிய நம் தேவைகளைக் கேட்டறிய அவர் நம் வாசலுக்கு வந்தே தீர வேண்டும். ஆனால் பட்டியலில் பெயர் பிழையாக இருப்பவரையும், வாக்களிப்பு நாளில் வீட்டிலேயே இருப்பவரையும் தேடி எவரும் வரமாட்டார். இன்றிரவு வேலை முடிந்ததும் உங்கள் அடையாளக் கார்டை எடுத்து அதிலுள்ள முகவரியைப் பாருங்கள். நீங்கள் உறங்கும் வீட்டின் முகவரி அதுதானா? இல்லையெனில், அதை மாற்றுவதே உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.