அரிய பிறழ்ச்சியின் சாட்சியம்



இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்கும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. தீவிர டி-அணு லுகேமியாவைப் பற்றிப் பேசுமிடத்து அண்மையில் சிலர் எழுப்பிவரும் ஒரு வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரின் குரோமோசோம்கள் நுண்நோக்கியின் கீழ் யாதொரு விகாரமுமின்றித் தோன்றுவதாலும், கண்ணுக்குப் புலப்படும் இடமாற்றங்களிற் பெரும்பாலானவை நூற்றுக்குச் சிலரிடமே அமைவதாலும், மரபணு வரிசையைப் படிக்கும் யந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்தில் கண்ணாடித் தகட்டின்மேல் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருப்பது வீண் சிரமம் என்கிறார்கள். அது எனக்கு உடன்பாடன்று.

டி-அணு, தைமஸ் சுரப்பியில் முதிரும் பருவத்தில், தன் ஏற்பியை அமைத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் மரபணுக்களைத் தானே வெட்டித் தானே ஒட்டிக்கொள்கிறது. 14-ஆம் குரோமோசோமிலும் 7-ஆம் குரோமோசோமிலும் நிகழும் இவ்வெட்டுவேலை இல்லையேல் டி-அணுவின் காவலும் இல்லை. ஆயினும் வெட்டுண்ட நுனி தன் இணையைச் சேராது வேறொரு குரோமோசோமின் நுனியைச் சேர்ந்துவிடின், அடங்கிக் கிடக்கவேண்டிய ஒரு மரபணு ஏற்பி மரபணுவின் ஓயாத தூண்டுதலுக்கு ஆட்பட்டு விழித்துக்கொள்கிறது. 14-ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில் ஒரே பகுதி மீண்டும் மீண்டும் முறிவதற்குக் காரணம் இதுவே. அம்முறிவில் அவ்வணுவின் பூர்வ சரித்திரம் பதிந்திருக்கிறது.

1-ஆம் குரோமோசோமுக்கும் 14-ஆம் குரோமோசோமுக்கும் இடையே நிகழும் மாற்றம் குழந்தை நோயாளிகளுள் நூற்றுக்கு மூவரளவிலேதான் காணப்படும். அதனைத் துருவியவர்கள் டால்-1 என்னும் மரபணுவைக் கண்டார்கள். கண்ட சிறிது காலத்திலேயே, இடமாற்றமே இல்லாத பலரிடம் அம்மரபணுவின் முன்பாகச் சுமார் 90,000 கார இணைகள் அகன்றுபோய், அதனால் அதே மரபணு விழித்திருப்பதும், இது முன்னதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதும் வெளியாயின. பட்டைச் சாயத்தில் தென்படும் மிகச் சிறிய இழப்பே பல பத்து லட்சம் இணைகள் கொண்டதாகையால், இச்சூட்சும இழப்பை எவருடைய கண்ணும் கண்டிராது. இதை விளைவித்ததும் அதே வெட்டுவேலைதான்.

7-க்கும் 9-க்கும் இடையிலான மாற்றமோ நூறு பேருள் ஒருவருக்குக்கூட இராது. 1991-இல் அம்முறிவிடத்தில் அகப்பட்டது, பழ ஈயின் சிறகு விளிம்பில் வெட்டுத் தோன்றச் செய்வதாக வெகுகாலம் முன்பே பெயர்பெற்ற நாட்ச் மரபணுவின் மனித வடிவம். 2004-இல், நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் அதே மரபணு சிறு பிறழ்வுகளால் கெட்டிருப்பது நிரூபணமாயிற்று. அரிய அந்தச் சிலரை விதிவிலக்கென்று ஒதுக்கியிருந்தால் பாதிப்பேரின் நோய்க்காரணம் நெடுநாள் மறைந்தே இருந்திருக்கும் என்பது என் துணிபு.

பாரிஸ் நகரின் சம்பவம் இன்னும் கடுமையானது. பிறவியிலேயே நோயெதிர்ப்பற்ற ஆண் குழந்தைகளுக்கு வைரஸ் வழியே மரபணு சிகிச்சை அளித்து வியக்கத்தக்க குணம் கண்டார்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப்பின் அவர்களுள் இருவருக்கு டி-அணு லுகேமியா தோன்றியதை 2003-இல் வெளியிட்டார்கள். இருவரிடத்தும் வைரஸ் சென்று அமர்ந்த இடம் எல்.எம்.ஓ.-2 மரபணுவின் அருகு. 11-ஆம் குரோமோசோமுக்கும் 14-ஆம் குரோமோசோமுக்கும் இடையிலான மாற்றத்தினால் முன்னரே அறியப்பட்டிருந்த மரபணு அது. அந்தப் பழைய அறிவு கையிருப்பில் இருந்திராவிட்டால், அவ்விபரீதத்தின் காரணத்தை அத்தனை விரைவில் உணர்ந்திருக்க முடியுமா?

கட்டுரை படிக்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிளவுறும் அணுக்களைக் கால்சிசின் கொண்டு நிறுத்துவதில் (நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சே அது) எவருக்கும் தகராறில்லை. ஆனால் ராஜ்மா விதையினின்றும் எடுக்கும் தூண்டுபொருளை இந்நோயில் வளர்ப்பினுள் சேர்த்தால், பிளவுறுவன நோயற்ற டி-அணுக்களாகவே இருக்கக்கூடும். அவற்றைப் பார்த்துவிட்டு “இயல்பு” என்று எழுதுவது நோயைப் பற்றிய செய்தியாகாது. எத்தனை அணுக்களைப் பார்த்தீர்கள், எவ்வாறு வளர்த்தீர்கள் என்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

முற்பகல் அமர்வில், ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரையை நிகழ்ச்சிநிரலின் கடைசியில் வைத்திருந்தார்கள். அமைப்பாளர்களின் சம்மதத்துடன் அதை முதலாவதாக மாற்றியிருக்கிறேன். கட்டுரையாளர் மேடைக்கு வருமாறு அழைக்கிறேன்.