மருத்துவ மாணவர்களின் மனச்சுமையும் நமது கடமையும்
(ஜூபிலி விழாவையொட்டிய பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுக்கிறோம். மகிழ்ச்சியான காரியந்தான். அதன் பிறகு அந்தப் பிள்ளை அங்கே என்ன பாடுபடுகிறது என்று கேட்பவர் குறைவு. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

மருத்துவப் படிப்பு நம் ஊருக்குப் புதிதன்று. பிரெஞ்சுக்காரர் 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்தே ஜிப்மர் தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. அந்தக் கோரிமேடும், அரசு மருத்துவக் கல்லூரி உள்ள கதிர்காமமும் மூலக்குளத்துக்கு அண்டை ஊர்களே. வெள்ளை அங்கி நமக்குப் பழகிய காட்சி.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் ஓர் அறிக்கை தந்தது. நாடெங்கும் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் அதற்குப் பதில் சொல்லியிருந்தார்கள். இளநிலையில் 27.8 சதவீதத்தினர் தமக்கு மனநலக் கோளாறு உண்டு என்றார்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 சதவீதம், முதுநிலையிலோ ஏறத்தாழ 31 சதவீதம். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்குத்தான் இது. ஆனாலும் நெஞ்சு பதறுகிறது.

ஏன் இப்படி? பள்ளியில் முதலிடம் பெற்றவர்களே அங்கே கூடுகிறார்கள். அவர்களிலும் யாராவது ஒருவர் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்! தமிழ் வழியில் படித்த பிள்ளை தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறது. பதினெட்டு வயதில் பிணத்தை அறுத்துப் பயில்கிறது. முதுநிலைக்குப் போனாலோ உறக்கமே அரிது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள் என்று அந்தப் பணிக்குழு பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்றால், நடப்பு எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மருந்து என்ன? எங்கள் குருமட வாழ்வில் ஓர் ஏற்பாடு உண்டு. அதிபர் வேறு, ஆன்ம குரு வேறு. ஒரு மாணவனைக் குருப்பட்டத்துக்கு ஏற்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது, ஆன்ம குருவிடமோ பாவசங்கீர்த்தனம் கேட்பவரிடமோ அபிப்பிராயம் கேட்கவே கூடாது. 1983-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 240-ஆம் சட்டம் இதைத் தெளிவாகக் கூறுகிறது. மனதைத் திறக்கும் இடத்தில் மதிப்பெண் புத்தகம் இருக்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவருக்கு வழிகாட்டி ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். நல்லதே. ஆனால் நாளை வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கப் போகிறவரிடம், "சார், ராத்திரி தூக்கமில்லை, அழுகை வருகிறது" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சமும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற வெட்கமும் வாயை அடைக்கின்றன. நோயாளிக்கு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் பிள்ளை, தான் பார்க்கப் போவதற்குக் கூசுகிறது. ஆகவே தேர்வோடு சம்பந்தமில்லாத ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும்.

வீடும் தேர்வு அறையாகிவிட வேண்டாம். தொலைபேசியில் முதல் கேள்வியே "மார்க் எவ்வளவு?" என்றிருந்தால் அடுத்த பதில் பொய்யாகத்தான் வரும். "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். படிப்புக் கடனை நினைவூட்டாதீர்கள். அது பிள்ளைக்கு மறக்கவில்லை. ஒரு தாள் தவறினால் மறுபடி எழுதலாம்.

பிள்ளை பேச்சைக் குறைத்தாலோ, "நான் இருந்து என்ன பயன்?" என்றாலோ, அதை இரகசியமாக மூடி வைக்காதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. எண் 14416, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். விடுதிக்குத் திரும்பும் பிள்ளைக்கு முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கும்போது, இந்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.